சுற்றுவழியில் ஓர் எலக்ட்ரான்

கேரளத்தின் கழக்கூட்டத்திலிருந்து கடற்கரைப் பக்கமாகச் சில கிலோமீட்டர் போனால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் விண்வெளி ராக்கெட் கிளம்பிய மீனவ கிராமம். அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய எரிபொருள் மின்கலத் தொகுப்பு ஒன்று, 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டில் ஏறிப் போனது. செயற்கைக்கோளை இறக்கிவிட்ட ராக்கெட்டின் நான்காம் கட்டம் 350 கி.மீ. உயரத்தில் ஆய்வு மேடையாகச் சுற்றியது. அதில் இந்தக் கலம் சிறிது நேரம் இயங்கி 180 வாட் மின்சாரம் தந்தது. நம் வீட்டு மின்விசிறி இரண்டை ஓட்டலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த மின்சாரம் பிறந்த விதம் எனக்கு அலுக்கவே அலுக்காத அதிசயம்.

ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கலந்து பொறி காட்டினால் வெடிக்கும். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் அந்தச் சீற்றத்தைத்தான் உந்துவிசையாக்குகிறது. மின்கலத்திலும் அதே இரண்டு வாயுக்கள், கடைசியில் அதே தண்ணீர். எரியும்போது ஹைட்ரஜனின் எலக்ட்ரான்கள் நேரே ஆக்ஸிஜனிடம் போய்விடுகின்றன. கலத்திலோ நடுவே மெல்லிய பாலிமர் சவ்வு. ஒரு பக்கம் வரும் ஹைட்ரஜனைப் பிளாட்டினத் துகள்கள் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கின்றன. புரோட்டானுக்குச் சவ்வு வழிவிடும், எலக்ட்ரானுக்கு விடாது. அது வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் மறுபக்கம் சேர வேண்டும். அந்தச் சுற்றுவழிதான் மின்னோட்டம். டார்ச் செல்லிலும் செல்போன் பேட்டரியிலும் நடப்பது அடிப்படையில் இதுவே. அவற்றில் வேண்டிய பொருள் உள்ளேயே அடைத்திருக்கும். எரிபொருள் மின்கலத்துக்கோ வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஒரு கலம் கணக்குப்படி 1.23 வோல்ட் தர வேண்டும்; சுமை ஏறினால் 0.7 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் பல கலங்களை அடுக்கிச் சேர்க்கிறார்கள். அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தவையும் எரிபொருள் மின்கலங்கள்தான். அவை சுரந்த தண்ணீரை வீரர்கள் குடித்தார்கள். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தபோது, மூச்சுக்காற்றோடு மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்தே போயின.

அந்தத் தண்ணீர்தான் பொறியாளருக்குத் தலைவலியும். சவ்வு காய்ந்தால் புரோட்டான் நகராது. நனைந்து தேங்கினால் வாயு உள்ளே புகாது. தரையில் தண்ணீர் தானாகக் கீழே வடியும். சுற்றுப்பாதையில் கீழ் என்பதே இல்லை. துளி பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

தும்பாவில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் தெரியாத விஷயம் அது.