பிக்காசோவின் இரு முகங்கள்

1937ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிக்கா நகரம் குண்டுவீச்சில் சிதைந்தது. அச்செய்தி ஓவியர் பாப்லோ பிக்காசோவை உலுக்கியது. சில வாரங்களிலேயே, ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலத்தில் ‘குவெர்னிக்கா’ ஓவியத்தைத் தீட்டி முடித்தார். போரின் கொடுமையை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன ஓவியங்கள் மிகச் சிலவே.

ஊராருக்காக உருகிய அவர் வீட்டில் எப்படி இருந்தார்? அவருடன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உறவில் இருந்த ஓவியர் பிரான்சுவாஸ் ஜிலோ, இரு பிள்ளைகளுடன் 1953இல் அவரைப் பிரிந்தார். அவருடைய ஆணவத்தையும் கடுமையையும் விவரித்து, 1964இல் நூல் ஒன்றை வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் அந்நூல் வெளிவராமல் தடுக்க பிக்காசோ வழக்குத் தொடுத்தார், தோற்றார். அதன்பின், பிள்ளைகளைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். எழுதியவர் தாய், தண்டனையோ பிள்ளைகளுக்கு!

மேதைகள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று சிலர் சமாதானம் கூறுவர். அது சரியான வாதமன்று. 101 வயதுவரை வாழ்ந்த ஜிலோவும் புகழ்பெற்ற ஓவியர்தாமே!

பிக்காசோ மறைந்து 50 ஆண்டுகள் நிறைவடைந்த 2023இல், நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. அவருடைய படைப்புகளின் அருகிலேயே பெண் கலைஞர்களின் படைப்புகளும் இடம்பெற்றன. அவர் பெண்களை நடத்திய விதமும் அங்கு வெளிப்படையாகப் பேசப்பட்டது.