எச்சரிக்கை யார் காதில் விழுகிறது?

வானொலியில் ஓர் எச்சரிக்கையை வாசித்து முடிக்க அரை நிமிடம் போதும். அது யார் காதில் விழுந்தது, கேட்டவரால் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிந்ததா என்பதுதான் கடினமான கேள்வி. ஒலிவாங்கிக்குப் பின்னால் வேலை பார்க்கும் என் போன்றவர்கள் இதற்குப் பதில் தேடினால், பங்ளாதேஷின் கடலோரத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

1991 ஏப்ரல் 29ஆம் தேதி இரவு, சிட்டகாங் கரையைக் கடும்புயல் தாக்கியது. கடல் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்துக்கு எழும்பி ஊருக்குள் புகுந்தது. மாண்டவர்கள் சுமார் 140,000 பேர். எச்சரிக்கை முன்கூட்டியே விடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் 20 முதல் 44 வயது வரையிலானோரில், ஆயிரம் ஆண்களில் 15 பேர் இறந்தனர் என்றால், ஆயிரம் பெண்களில் 71 பேர் இறந்தனர்.

அலைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வானொலிப் பெட்டி தேநீர்க் கடையில் இருந்தது. அங்கே கூடுவோர் ஆண்கள். செய்தி பெரும்பாலும் ஆண்களிடமிருந்து ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தது. தெரியவந்தாலும், கணவர் வராமல் வாசலைத் தாண்டப் பல பெண்கள் தயங்கினர். புயல் காப்பகத்தில் முன்பின் தெரியாத ஆண்களோடு நெருக்கியடித்துத் தங்க வேண்டும். பெண்களுக்கெனத் தனிக் கழிவறை இருக்காது. வீட்டில் வளர்க்கும் ஆடும் கோழியும்தான் அவர்களது சேமிப்பு; விட்டுப் போக மனம் வராது. பலருக்கு நீச்சலும் தெரியாது. காலைச் சுற்றிய சேலையோடு, இடுப்பில் பிள்ளையோடு, எவ்வளவு தூரம் ஓட முடியும்?

1970இல் போலா புயல் குறைந்தது 300,000 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு, அரசாங்கமும் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து தொண்டூழியர் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கொடி ஏற்றுவது, ஒலிபெருக்கியோடு ஊரைச் சுற்றுவது, கையால் சுழற்றும் சங்கை ஒலிப்பது ஆகியவை அவர்களது பணி. தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்களே இருந்தனர். இன்று 76,000க்கும் மேற்பட்ட தொண்டூழியர்களில் பாதிப் பேர் பெண்கள்.

இது வெறும் எண்ணிக்கைச் சமநிலை அன்று. ஆண் தொண்டூழியர் வாசலோடு நின்றுவிடுவார். பெண் தொண்டூழியர் அடுப்படிவரை போவார். கர்ப்பிணியிடமும் மாமியாரிடமும் பேசுவார். “நானும் கூட வருகிறேன், கிளம்புங்கள்” என்பார். அந்தத் துணைதான் தயக்கத்தை உடைக்கிறது.

காப்பகங்களும் மாறியுள்ளன. புதியவற்றில் பெண்களுக்குத் தனி அறையும் கழிவறையும் அமைக்கிறார்கள். கால்நடைகளுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். பல காப்பகங்கள் மற்ற நாள்களில் தொடக்கப்பள்ளிகளாக இயங்குகின்றன. அங்கே படிக்கும் சிறுமிக்கு வழியும் தெரியும், இடமும் பழக்கம். அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போக அவளால் முடியும்.

2020 மே மாதம் அம்பான் புயல் வந்தபோது, 2 மில்லியனுக்கும் அதிகமானோர் முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டனர். பங்ளாதேஷில் உயிரிழந்தோர் 30க்கும் குறைவு. துணைக்கோளம், காப்பகம், கரையணை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. கடைசி வாசல்வரை செய்தியைக் கொண்டுபோனவர்களுக்கும் உண்டு.

வேலை முடிந்துவிடவில்லை. கைப்பேசியில் எச்சரிக்கை வரும் காலத்திலும், அங்கே சொந்தக் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. கிணறும் குளமும் உப்பாகிவிட்டால், குடத்தோடு நெடுந்தூரம் நடப்பவர்கள் பெண்கள். வருமானம் இழந்த வீட்டில், மகளுக்குச் சிறுவயதிலேயே திருமணம் பேசிவிடுவதும் நடக்கிறது.

பங்ளாதேஷ் நமக்குத் தூரத்து ஊர் அன்று. நம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் ஊழியர்களில் பலரது அம்மாவும் தங்கையும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்தமுறை வங்காள விரிகுடாவில் புயல் என்று செய்தி வந்தால், உடன் வேலை செய்பவரிடம் “வீட்டில் எல்லாரும் பத்திரமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் வீட்டையும் ஒருமுறை பார்ப்போம். முக்கியச் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அந்தக் குழுவில் பாட்டி இருக்கிறாரா? பணிப்பெண் இருக்கிறாரா? அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல யார் பொறுப்பு என்பதை இன்றே முடிவு செய்துவிடலாம்.