ஸ்கேட்டிங் போனால் வாட்ச்சில் ஸ்டெப்ஸ் ஏறாதது ஏன்?
2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டர் தங்கம் வென்றார் தமிழக வீரர் ஆனந்த்குமார் வேல்குமார். அதைப் பார்த்து நாகப்பட்டினத்தில் இன்லைன் ஸ்கேட்ஸ் மாட்டியவரா நீங்க? வியர்க்க வியர்க்க ஓட்டியும் ஸ்டெப்ஸ் ஏறலையா?

கை அசைவின் தாளத்தை வைத்துதான் வாட்ச் அடிகளை எண்ணுகிறது. ஸ்கேட்டிங்கில் ஒரே உந்தலில் பல மீட்டர் போய்விடுவோம். எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஸ்டெப்ஸை விடுங்க. 'ஸ்கேட்டிங்' மோடைத் தேர்வு செய்து, இதயத் துடிப்பையும் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தையும் பாருங்க. உள்ளரங்கில் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது.

முக்கியமான விஷயம்: ரிஸ்ட் கார்டுக்கும் வாட்ச்சுக்கும் ஒரே இடம்தான். வாட்ச்சுக்காக கார்டைக் கழற்றாதீங்க. விழும்போது முதலில் ஊன்றுவது கையைத்தான். வாட்ச்சைக் கொஞ்சம் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்க. இல்லைன்னா மார்பில் கட்டும் சென்சார் இருக்கு.