கும்மிடிப்பூண்டியில் நிற்கலாம்... திருவள்ளூரில் நிற்க முடியாது! - அரசியல் சாசனமும் தலித் கிறிஸ்தவர்களும்

கும்மிடிப்பூண்டியில் வசிக்கும் ஒரு தலித் கிறிஸ்தவர், கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதியில் தாராளமாகப் போட்டியிடலாம். அது பொதுத் தொகுதி. ஆனால், அதே ஊரை உள்ளடக்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியில் அவரால் நிற்க முடியாது. அது தனித் தொகுதி. பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடலாம். ஞானஸ்நானம் பெற்றவர் சட்டப்படி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்துவாகவும் தம்பி கிறிஸ்தவராகவும் இருந்தால், அண்ணன் எம்.பி ஆகலாம். தம்பி ஓட்டு மட்டும் போடலாம்.

இதே மாவட்டத்தின் பழவேற்காட்டில் நிலைமை நேர்மாறாக இருந்த காலமும் உண்டு. போர்ச்சுக்கீசியர்கள் கத்தோலிக்கத்தோடு வந்தார்கள். அடுத்து வந்து 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், புராட்டஸ்டன்ட் பிரிவினர். அவர்களே பிறகு இலங்கையைப் பிடித்தபோது, அரசு உத்தியோகம் வேண்டுமா, எங்கள் சபையில் சேர் என்றார்கள். உத்தியோகத்துக்காகப் பெயரளவில் ஞானஸ்நானம் வாங்கிய தமிழர்கள் அங்கே ஏராளம்!

விட்டுக்கொடுத்தவர்கள்

சுதந்திர இந்தியாவுக்கு அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தபோது, மதத்தை ஆட்சியில் எங்கே வைப்பது என்ற கேள்வி மறுபடி வந்தது. அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி, வங்காளக் கிறிஸ்தவர். சிறுபான்மையினருக்கான துணைக் குழுவின் தலைவரும் அவர்தான். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் ஒருவர், லயோலா கல்லூரி முதல்வராக இருந்த இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசோசா.

ஆங்கிலேயர்களின் 1935-ம் ஆண்டுச் சட்டம், இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைக் கொடுத்திருந்தது. 1947-ல் அது கைவிடப்பட்டு, சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மத்தியிலும் இட ஒதுக்கீடு மட்டும் போதும் என்று முடிவானது. 1949 மே மாதம் அதையும் வேண்டாமென்று விட்டார்கள். முன்னின்றவர் முகர்ஜியேதான். கையில் கிடைத்த இடங்களைத் தாங்களாகவே திருப்பிக் கொடுப்பது அரசியலில் அடிக்கடி நடக்கும் விஷயமல்ல.

கிறிஸ்தவத் தரப்பு விடாப்பிடியாகக் கேட்டது, மதத்தைப் 'பரப்பும்' உரிமையை. 1948 டிசம்பர் 6-ல் சபையில் கடும் விவாதம். அந்தச் சொல்லுக்கு ஆதரவாக எழுந்தவர்களில் ஒருவர், தமிழகத்தின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்திருக்கிறேன், யாரும் என்னை மதம் மாற்ற முயலவில்லை என்றார் அந்த இந்து. சொல் தப்பியது, இன்றைய 25-வது பிரிவில் இருக்கிறது. முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்ற ஹெச்.வி.காமத்தின் திருத்தம் மட்டும் 41-க்கு 68 என்று தோற்றது.

அந்த ஆகஸ்ட் 10

சாசனம் நடைமுறைக்கு வந்த ஏழாவது மாதம், 1950 ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வெளியானது. பட்டியல் சாதிகள் எவை என்று வரையறுத்த அந்த ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. சில சீக்கியப் பிரிவுகளுக்கு மட்டும் அப்போதே விலக்கு இருந்தது. 1956-ல் சீக்கியர்கள் முழுமையாகவும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள்.

சிப்காட் வளாகத்துத் தனியார் கம்பெனிகளில் இட ஒதுக்கீடே இல்லை என்பதால், அங்கே இது தெரியாது. அரசு வேலை, கல்லூரி இடம், உள்ளாட்சியில் தனி வார்டு என்று வரும்போதுதான் சாதிச் சான்றிதழ் பேசும். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. அதனால் சர்ச்சில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயருமாக வாழ்பவர்கள் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில், நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கிறிஸ்தவத்தில் சாதியே கிடையாதே, பிறகெதற்குச் சலுகை என்பது மத்திய அரசின் வாதம். தங்கள் பங்கு குறையும் என்ற அச்சம் பட்டியலில் இருப்பவர்களிடமும் இருக்கிறது; அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டது. இதற்கிடையே 2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் ஒன்றையும் மத்திய அரசு அமைத்தது.

சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துவந்த ஓர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது 1985 தீர்ப்பு. அவருக்குக் கடை கிடைக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் பகுதியைப் பிரித்து நின்ற சுவரை இடிக்கக் கோரி, கிறிஸ்தவர்களே பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள்.