பிரேக் எழுப்பும் ஓசை

ஐதராபாத்தில் வாழும் நம்மவருள் பலர் பஞ்சாரா குன்றின் ஏற்ற இறக்கங்களில் நாள்தோறும் கார் ஓட்டுகின்றனர். பிரேக்கை மிதித்ததும் கிறீச்சென்ற ஓசை எழுமாயின், அஃது எப்பொழுது எழுகிறது என்பதை முதற்கண் நோக்குவோம்.

மழைக்காலத்தில், இரவெல்லாம் நனைந்து நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். காலையில் நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் ஓசை அடங்குமாயின் கவலை வேண்டா.

ஓயாது கீச்சிட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். தேய்வை உணர்த்தவே பல கார்களில் சிறு உலோகத் தகடு ஒன்று அமைந்துள்ளது. அது டிஸ்க்கில் உரசி ஒலிக்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் இருத்திய பின்னரே சக்கரத்தைக் கழற்றுதல் வேண்டும். உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்பின், இடம் வலம் இரு சக்கரங்களிலும் பேட்களை மாற்றுதல் முறை.

தடிப்புக் குறையாதிருந்தும் ஓசை எழுமாயின், பேட்டின் முதுகில் மட்டும் பிரேக்குக்கென்றே உள்ள கிரீசைச் சிறிது தடவலாம். உராயும் முகத்தில் எண்ணெய்ப் பசை படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைப்போம்.

இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை கேட்டாலோ, வண்டியை ஓட்டாது மெக்கானிக்கை வரவழைப்பதே அறிவுடைமை. ஓசையின் வகையையும் வேளையையும் அவருக்குத் தெலுங்கிலோ உருதுவிலோ எடுத்துரைக்கக் கற்றுக்கொண்டால், வீண் செலவும் குறையும்; உயிருக்கும் காப்பாகும்.