எருவின் நெடியும் தழைச்சத்தின் இழப்பும்

கோழி எருவின் நெடி கடுமையாக இருந்தால் எருவும் வீரியமானது என்று கருதுவோர் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. கண்ணைக் கரிக்கும் அந்நெடி அம்மோனியா வாயுவினுடையது. பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், யோங் பெங் வட்டாரங்களில் கோழிப்பண்ணைகள் மிகுதி. பண்ணைக் கழிவைக் காய்கறி பயிரிடுவோரும் சிறு தோட்டக்காரரும் மூட்டை மூட்டையாக விலைகொடுத்து வாங்குகின்றனர். ஆகவே காற்றில் போவது அவர்களுடைய பணமே.

கோழி தனியே சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின்மேல் வெண்மையாகக் காணப்படுவது யூரிக் அமிலம். தழைச்சத்தின் பெரும்பகுதி அதில்தான் அடங்கியுள்ளது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதனை யூரியாவாகவும், பின் அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன. அப்போது எருவில் காரத்தன்மை ஏறும்; காரம் ஏற ஏற அம்மோனியா வாயுவாகப் பிரிந்தெழும். வெயிலும் காற்றும் இதற்குத் துணை. மண்ணின்மேல் தூவியபடியே விட்ட எருவில், அம்மோனியாவாக மாறிய சத்தில் பாதிகூடச் சில நாட்களில் போய்விடக்கூடும். நாற்றத்தை அடக்குவதாக எண்ணி எருவோடு சாம்பலோ சுண்ணாம்போ கலப்பவர் உளர். காரத்தைக் கூட்டி இழப்பை விரைவுபடுத்தும் செயலன்றோ அது!

பொந்தியான் பகுதியில் மலாய்மொழியில் காம்புட் எனப்படும் சதுப்பு மண் உண்டு. அதன் புளிப்பு அம்மோனியாவை ஓரளவு பிடித்துவைக்கும். ஆயினும் வேறொரு வழி திறந்தே இருக்கிறது. மண்ணில் அம்மோனியா நைட்ரேட் உப்பாக மாறும். நீர் தேங்கி மண்ணில் காற்று குன்றினால், நுண்ணுயிர்கள் அந்த உப்பைச் சிதைத்து நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேற்றும். பின்னது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியை வெப்பப்படுத்த வல்லது.

மூன்றாவது வழி மழை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் முதலான மாதங்களில் நைட்ரேட் கரைந்து கால்வாய்க்குப் போகும். மேலே கிடக்கும் எருவையே வெள்ளம் அடித்துச் செல்வதும் உண்டு. கழிவின் அம்மோனியா எவ்வழியால் ஆற்றில் கலந்தாலும் குடிநீருக்குத் தொல்லைதான். நீரைத் தூய்மையாக்க இடும் குளோரினை அது தன்னோடு சேர்த்துக்கொள்ளும். 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா மிகுந்தபோது, அங்கு நீர் எடுத்துச் சுத்திகரிக்கும் பணியை நிறுத்தவேண்டியதாயிற்று.

காய்கறிப் பாத்தியில் எருவை இட்ட அன்றே கொத்தி மண்ணால் மூடிவிடலாம். செம்பனையடியில் ஆழக் கொத்தினால் வேர் அறுபடும். அங்கே ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளை எருவின்மேல் பரப்புவது நன்று. குலையில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத தழைச்சத்தை எருவிலிருந்து பற்றிக்கொள்கின்றன. குலை மட்க மட்க அது மெல்ல வேருக்குக் கிடைக்கிறது.

பள்ளித் தோட்டத்தில் மாணவர்க்கு இதனை எளிதிற் காட்டலாம். ஈரமான கோழி எருவை இரண்டு குவியலாக்கி, ஒன்றை மட்டும் நான்கு விரற்கடை மண்ணால் மூடுக. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து இரண்டின்மேலும் தொடாமற் பிடித்தால், மூடாத குவியலின்மேல் தாள் முன்னதாக நீலமாகும்.