கூடையும் சாக்கும்

பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொட்டிய பிறகு, வெறும் பிரம்புக் கூடையைக் கீழே வைத்தால் நிமிர்ந்து நிற்கும். கூடைக்குப் பதிலாகப் பல தோட்டங்களில் வந்துவிட்ட சாக்கை வைத்தால் துவண்டு விழும். இரண்டும் பின்னல்தான். ஒன்றில் இழை விறைப்பு, மற்றதில் துவளல்.

கொழுந்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிற டி.என்.ஏ.க்கு இந்த இரண்டு குணமுமே உண்டு. தனி இழையாக இருக்கும்போது ஒரு நானோமீட்டரை ஒட்டிய தூரத்திலேயே திசை மாறி வளைந்துவிடும். (மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாக வெட்டினால் ஒரு துண்டுதான் நானோமீட்டர்.) ஜோடி சேர்ந்து முறுக்கிக்கொண்டாலோ, பருமன் 2 நானோமீட்டரே இருந்தும், சுமார் 50 நானோமீட்டர் வரை கம்பு மாதிரி நீண்டு நிற்கும். உள்ளே ரொட்டி அடுக்கியதுபோலத் தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வளைத்தால் அடுக்குக் குலையும். வெளிப்புறம் முழுக்க எதிர் மின்னேற்றம், அதுவும் வளைய விடாமல் தள்ளும். தண்ணீரில் உப்பைக் கூட்டினால் அந்தத் தள்ளல் தணிந்து கம்பு சற்று இளகும்.

இந்த இழைகளை வலையாக முடிந்து தண்ணீரைப் பிடித்து வைத்தால் ஜெல். 2006இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டான் லுவோவின் குழு டி.என்.ஏ.யை மட்டுமே கொண்டு அப்படியொன்றைச் செய்து காட்டியது.

இப்படியான வலை எவ்வளவு விறைப்பு என்று அறிய, றப்பருக்கான பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: முடிச்சுகளுக்கிடையே எத்தனை இழை என்று எண்ணினால் போதும், எந்த இழை என்று கேட்க வேண்டாம். துவளும் இழைக்கு அது பெரும்பாலும் சரி. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் இடிப்பதில் அந்த இழை சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் முதலில் சுருள்தான் விரியும், அதனால் ஜெல் நெடுந்தூரம் இணங்கிப் போகும். ஜோடி இழையிடம் இந்தக் கணக்குப் பலிக்காது. முடிச்சுக்கு முடிச்சு அது ஏறக்குறைய நேராகவே நிற்பதால் விரிய மிச்சம் இல்லை. கொஞ்சம் இழுத்ததுமே எதிர்ப்பு விறுவிறுவென ஏறும்.

எனக்குப் பிடித்தது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004, 2005 அளவில் நடந்த வேலை. ஒரு சாதாரண ஜெல்லை டி.என்.ஏ. இழைகளால் முடிந்தார்கள். அந்த முடிச்சில் தனியாக இருந்த பகுதிக்குப் பொருத்தமான துணை இழையை விட்டதும் ஜோடி சேர்ந்து ஜெல் இறுகியது. துணையைப் பிடித்து இழுத்துப் போகும் இன்னோர் இழையை விட்டார்கள், பழையபடி இளகியது. அதே பாத்திரத்தில், சூடாக்காமல், சாக்கு கூடையாகி மறுபடி சாக்கானது.